உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசிகூடப் போடுவதில்லை. பிறகு என்னதான் செய்கிறது?

"உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் ஒரு ஆஸ்பத்திரியும் நடத்தவில்லை, ஒரு குழந்தைக்கும் தடுப்பூசி போடவில்லை. எல்லாம் நம் அரசாங்கமே செய்கிறது. அப்புறம் எதற்கு டெல்லியில் அவ்வளவு பெரிய அலுவலகம்? நாம் ஏன் சந்தா கட்ட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதியில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆகவே, அந்த நிறுவனம் நாளைக்கே கடையைக் கட்டிக்கொண்டு போனால் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எது நின்றுபோகும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகச் சேர்ந்து, மாவட்ட அளவில் தடுப்பூசிப் பணிகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். உலக சுகாதார நிறுவனத்திடம் சம்பளம் வாங்கியதில்லை. அவர்கள் ஆட்களோடு ஒரே ஜீப்பில் நிறைய ஊர் சுற்றியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். மாவட்டத்தில் நடப்பதைக் கண்ணால் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர்கள் தலைமையகமான ஜெனீவாவில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதெல்லாம் உங்களைப் போலவே எனக்கும் பத்திரிகைச் செய்திதான்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் அங்கேதான் பெரும்பாலானவர்களுக்குக் குழப்பம். அந்த நிறுவனம் கோடிக்கணக்கில் கொட்டுகிறது, அதை வைத்து நம் அரசு திட்டம் நடத்துகிறது என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. 2024, 2025 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து உலகம் முழுவதற்கும் அவர்கள் போட்ட திட்டச் செலவு சுமார் 683 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 28,000 கோடி ரூபாய். தமிழ்நாடு அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் மருத்துவம், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 20,000 கோடிக்குச் சற்று மேல். 194 உறுப்பு நாடுகளுக்குமான பணமும் நம் ஒரு மாநிலத்தின் சுகாதாரப் பணமும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இந்தியாவுக்கு அவர்கள் படியளப்பதாக நினைப்பது கணக்கிலேயே உதைக்கும். போதாததற்கு, அந்தத் திட்டச் செலவில் நாடுகள் கட்டும் கட்டாயச் சந்தா ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் நன்கொடை, அதிலும் பெரும்பகுதி "இதற்கு மட்டும் செலவு செய்" என்று கட்டுப்போட்டு வருவது. தாங்கள் எதில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தாங்களே முழுதாக முடிவு செய்ய முடியாத நிலையில் அவர்கள் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பணம் இல்லையென்றால் வேறென்ன? இதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் போலியோ. 1995 டிசம்பரில் பல்ஸ் போலியோ தொடங்கியபோது ஒரே நாளில் நாடு முழுவதும் சொட்டு மருந்து கொடுக்க நம்மால் முடிந்தது. செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், ரோட்டரிக்காரர்கள் எல்லோரும் இறங்கி வேலை செய்தார்கள். கொடுத்தது வேலை செய்கிறதா, வைரஸ் இன்னும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க 1997-ல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. ஒன்றோ சில மாவட்டங்களோ சேர்த்து ஒரு மருத்துவர். சர்வைலன்ஸ் மெடிக்கல் ஆபீசர் என்பது பதவிப் பெயர். எல்லோரும் சொன்னது எஸ்.எம்.ஓ. பிற்பாடு இவர்கள் முந்நூறுக்கு மேல் ஆனார்கள். வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்த இந்திய மருத்துவர்கள்தான்.

அவர்கள் செய்த வேலை கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை யாருக்காவது திடீரென்று கையோ காலோ துவண்டுபோனால், காரணம் என்னவாக இருந்தாலும், உடனே தகவல் வர வேண்டும். அதுதான் ஏ.எஃப்.பி. கேஸ். தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாதம் வந்த 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மலம் சாம்பிள் எடுக்க வேண்டும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, சூடு ஏறாமல், மூன்று நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்து சாம்பிள்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும். 60 நாள் கழித்து மறுபடி அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், பலவீனம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கிடையே அரசு மருத்துவமனை, தனியார் நர்சிங் ஹோம், எலும்பு வைத்தியர் என்று எல்லா இடத்திலிருந்தும் வாராவாரம் அறிக்கை வர வேண்டும். ஒரு கேஸும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கையே அனுப்பாதவரும் கேஸ் இல்லாதவரும் ஒன்றல்ல என்பதை எங்கள் மண்டையில் ஏற்றியவர்கள் இந்த எஸ்.எம்.ஓ.க்கள்தான்.

இதிலே இன்னொரு நுட்பம் உண்டு. போலியோ இல்லாத ஊரிலும் பிள்ளைகளுக்குக் கை கால் துவளும். குய்யன் பாரே என்ற நரம்பு நோய், தண்டுவட அழற்சி, பிட்டத்தில் தவறான இடத்தில் போட்ட ஊசியால் நரம்பு அடிபடுவது என்று காரணங்கள் பல. பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒன்றாவது இப்படி வந்தே தீரும் என்பது உலக அளவுகோல். இந்தியாவில் அதை இரண்டாக உயர்த்தினார்கள். ஆக, உங்கள் மாவட்டத்தில் அந்த அளவுக்குக் கேஸ் வரவில்லை என்றால், நீங்கள் தேடவில்லை என்று அர்த்தம். "எங்கள் மாவட்டத்தில் ஒன்றுமில்லை சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதிகாரிக்குப் பாராட்டுக்குப் பதில் கேள்வி வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தலைகீழ் மாற்றம் என்பது புரியும்.

இதை அரசு ஊழியரைக் கொண்டே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் முடியும். நடைமுறையில் மூன்று விஷயம் குறுக்கே நிற்கும். மாவட்டத்தில் போலியோ கேஸ் வந்தால் திட்டு வாங்குவது அந்த மாவட்ட அதிகாரி. அதே அதிகாரியிடம்தான் கேஸைக் கண்டுபிடிக்கும் வேலையும் இருக்கும். இரண்டாவது, எங்களுக்குக் காய்ச்சல், பிரசவம், கூட்டம், வி.ஐ.பி. வருகை என்று ஆயிரம் வேலை, எஸ்.எம்.ஓ.வுக்கு அன்று அது ஒன்றுதான் வேலை. மூன்றாவது, வண்டி. டீசலுக்குக் கையெழுத்து வாங்க அலையாமல் காலையில் கிளம்ப அவரிடம் ஒரு வண்டி இருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பாதி பொது சுகாதாரம் வண்டியில்தான் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அவர் பார்த்தது எங்களுக்கும் டெல்லிக்கும் ஒரே சமயத்தில் போனது. எங்கள் கலெக்டர் அவரை மாற்றல் செய்ய முடியாது. சொட்டு மருந்து நாளுக்கு அடுத்த நாள் மாலைக் கூட்டத்தில், நாங்கள் "முடிந்தது" என்று எழுதிக் கொடுத்த தெருவில் சுண்டு விரலில் மருந்து கொடுத்த அடையாள மை இல்லாத பிள்ளைகள் எத்தனை என்று அவர் வாசிப்பார். கோபம் வரும். மறுநாள் அந்தத் தெருவுக்குப் போவோம்.

இதே ஏற்பாடு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வேறு கனத்தில் இருந்தது. 1939-லேயே மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்து, மருத்துவத்திலிருந்து பிரிந்த தனிப் பொது சுகாதாரத் துறை வளர்ந்த மாநிலம் நம்முடையது. இங்கே எஸ்.எம்.ஓ. கூடுதலாக ஒரு கண். அங்கேயோ பல வட்டாரங்களில் கிட்டத்தட்ட முதுகெலும்பே அவர்தான். 2002-ல் நாட்டில் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது, பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். 2009-லும் 741. கேஸ் விவரங்களை ஊர் ஊராக அடுக்கிப் பார்த்தபோது வைரஸ் திரும்பத் திரும்ப முளைப்பது இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து 107 வட்டாரங்களில்தான் என்று தெரிந்தது. 66 உத்தரப் பிரதேசத்தில், 41 பீகாரில், அதிலும் கோசி ஆற்று வெள்ளப் படுகையில் நிறைய. அங்கே தண்ணீர், கழிப்பறை, வயிற்றுப்போக்கு மருத்துவம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். 2010-ல் 42 கேஸ். கடைசிக் கேஸ் 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. செலவில் பெரும்பங்கு இந்திய அரசின் பணம். வீடு வீடாகப் பேசி மறுப்பவர்களை மனம் மாற்றிய வேலையில் யுனிசெஃபின் பெண் பணியாளர்களுக்குப் பெரும் பங்கு. இதையெல்லாம் விட்டுவிட்டு உலக சுகாதார நிறுவனம் போலியோவை ஒழித்தது என்று எழுதினால் அது பொய். எங்கே ஒழியவில்லை என்று காட்டிக்கொண்டே இருந்தது அவர்கள் என்றால் அது உண்மை.

அவர்கள் சறுக்கிய இடங்களும் உண்டு. மூன்று தவணை சொட்டு மருந்து போதும் என்பது உலகத்துக்குப் பொதுவாக இருந்த கணக்கு. இந்தியக் குழந்தைகளுக்கு அது போதாது என்று வேலூர் சி.எம்.சி. பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே ஆய்வு செய்து சொன்னார். அது கொள்கையில் ஏறி, மேலும் மேலும் தவணைகள் என்று ஆவதற்கு நெடுங்காலம் பிடித்தது. நம் மண்ணில் கிடைத்த சான்று வெளியே போய்ச் சுற்றிவிட்டு ஆலோசனையாகத் திரும்பி வருவதை இந்த ஒரு தடவை மட்டும் நான் பார்க்கவில்லை. இன்னொன்று, சொட்டு மருந்து சுற்றுகள் ஆண்டுக்கு ஏழெட்டு என்று போனபோது, அதே செவிலியர் கொடுக்க வேண்டிய மற்றத் தடுப்பூசிகள் வட மாநிலங்களில் பின்தங்கின என்பது பலர் வைத்த குற்றச்சாட்டு. போலியோ வேலையே காரணமா, ஏற்கெனவே அங்கே எல்லாம் பலவீனமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் ஊகம், இரண்டும் உண்டு என்பது. சொட்டு மருந்து அதிகம் கொடுத்ததால் போலியோ அல்லாத வாதம் பெருகியது என்று இணையத்தில் சுற்றும் கட்டுரைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேடும் வலை அகலமானால் பிடிபடும் கேஸ் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்தக் கட்டுரைகள் காட்டுவது இரண்டும் சேர்ந்து உயர்ந்தன என்பதை மட்டுமே. அதிலிருந்து காரண காரியத்துக்குத் தாவ முடியாது. ஆனால் வாய்வழி மருந்திலுள்ள வீரியம் குறைத்த வைரஸே மிக அரிதாக வாதம் உண்டாக்கும் என்பது மறுக்க முடியாத உண்மை. அதை யாரும் மூடி மறைக்கவும் தேவையில்லை.

போலியோவை விடப் பழைய கதை ஒன்று சென்னையிலேயே இருக்கிறது, சொன்னால் பலர் வியப்பார்கள். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒன்றை ஆரம்பித்தன. டி.பி. என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம். நாட்டில் அதற்கான படுக்கைகளும் இல்லை. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மீதிப் பேருக்கு வீட்டிலேயே அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான வீடு, மோசமான உணவு, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டவர்கள் குணமானது ஏறத்தாழ சானடோரியக்காரர்கள் அளவுக்கே இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவுகள் வெளிவந்த பிறகு உலகமே சானடோரியத்தை மறு பரிசீலனை செய்தது. ஐந்து ஆண்டுக்கென்று தொடங்கிய அந்த மையம் 1964-ல் ஆராய்ச்சிக் கழகத்தின் நிரந்தர நிறுவனமானது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். என்னைக் கேட்டால் சர்வதேச உதவி இப்படித்தான் இருக்க வேண்டும். வந்தார்கள், முறையான ஆய்வை நம் ஆட்களோடு சேர்ந்து செய்தார்கள், பொறுப்பைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். போலியோவில் அந்தக் கைமாற்றல் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குள்ள பெரிய குறை.

கண்ணுக்குத் தெரியாத உதவிகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சிறிய சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. உற்பத்தியாளர்கள் அதை ஒட்டியே தர வேண்டும் என்று வற்புறுத்தியது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும். மின்சாரம் போன இரவுக்குப் பிறகு ஒரு கிராம சுகாதார செவிலியர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்க முடிவது அந்தச் சதுரத்தால். 1977-ல் அவர்கள் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்ற எண்ணத்தின் மேல்தான், 1990களில் நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த எண்ணிக்கை மருந்துகளை மொத்தமாக, மலிவாக வாங்கும் முறை எழுந்தது. இந்தியத் தடுப்பூசிகள் ஐ.நா. அமைப்புகள் வழியாக ஆப்பிரிக்காவுக்கு விற்பனையாவதும் அவர்கள் தரம் பார்த்து முன்தகுதிச் சான்று கொடுத்தால்தான். அந்தச் சான்றுக்காக நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பையும் அவர்கள் வந்து சோதிப்பார்கள். அந்தச் சோதனைக்குப் பயந்து இங்கே சில விஷயங்கள் ஒழுங்கானதும் உண்டு.

அவர்களால் முடியாதது எது என்பதும் கேள்வியில் அடங்கியது. எந்த நாட்டுக்கும் உத்தரவு போட முடியாது. 2007-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, உலகத்துக்கு ஆபத்தாகக்கூடிய நோய்ப் பரவலை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் நாடு தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. 2020 ஜனவரி 30-ல் அவர்கள் கொரோனாவை சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தார்கள். இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில் உறுதியானதும் அதே நாள்தான். அறிவிப்பைக் கேட்டு எல்லா நாடும் விழித்துக்கொண்டதா என்ன? காற்றில் பரவுகிறது என்பதை ஒப்புக்கொள்வதில் அவர்கள் தாமதித்ததும் மறைக்க முடியாத கறை. அடுத்து 2022-ல் இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தை விடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்பு 47 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கொரோனா இறப்பு என்று அரசு காட்டிய கணக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. இந்திய அரசு அந்த முறையையே மறுத்தது. 47 லட்சம் என்பது எண்ணிப் பார்த்த எண்ணல்ல, கணித மாதிரி வைத்துப் போட்ட மதிப்பீடு. மேலும் கீழும் நிறைய இடைவெளி விட்டுத்தான் அவர்களே வெளியிட்டார்கள். இந்த எண்ணைச் சத்தியம் என்று பிடிக்க மாட்டேன். அரசுக் கணக்கு உண்மையை விடக் குறைவு என்பதில் மட்டும், இறப்புச் சான்றிதழ்களில் காரணம் எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்தவன் என்ற முறையில், எனக்குச் சந்தேகமில்லை. ஆலோசனை சொல்லும் வரை விருந்தாளி, கணக்குப் பார்த்தால் எதிரி என்ற நிலைமை எல்லா நாட்டிலும் அவர்களுக்கு உண்டு.

அவர்கள் போனால் எது நின்றுபோகும்? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுநாள் காலையில் எதுவும் நின்றுபோகாது. புதன்கிழமை தடுப்பூசி நடக்கும், மாத்திரை கிடைக்கும், பிரசவம் நடக்கும். தமிழ்நாட்டில் ஓராண்டு கழிந்தும்கூடப் பெரிதாகத் தெரியாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸாப்பில் வதந்தி பரவி, பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் திரண்டு நின்றார்கள். போலியோவுக்காக வைத்த அதே எஸ்.எம்.ஓ.க்கள் அன்று எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளை தவறியது என்று கணக்கு வைத்துத் தந்தார்கள். அந்தப் பெற்றோரோடு பேசிச் சமாளித்தது எங்கள் துறையும் ஆசிரியர்களும். அந்தக் கணக்கு வேலையை எங்கள் துறையால் ஏற்க முடியும், ஆளும் வண்டியும் கொடுத்தால். பொது சுகாதாரத்துக்குத் தனித் துறை இல்லாத மாநிலங்களில் முதலில் நின்றுபோவது அறிக்கை. பிறகு அறிக்கை இல்லாததையே நோய் இல்லாததாக எடுத்துக்கொள்வார்கள்.

சந்தாவைப் பொறுத்தவரை, 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளியேறுவதாக அறிவித்த பிறகு அவர்கள் திட்டச் செலவை வெட்டினார்கள், ஆட்களையும் குறைத்தார்கள். எஸ்.எம்.ஓ. ஏற்பாட்டுக்கான செலவை இந்திய அரசே படிப்படியாக ஏற்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பல ஆண்டு முன்பே தொடங்கியது. ஏற்பது நல்லது. ஏற்கும்போது அந்த மருத்துவரின் அறிக்கை மாவட்ட அதிகாரியின் மேசையைத் தாண்டாமல் நேராக மேலே போகும் வழியையும் சேர்த்து ஏற்கிறார்களா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.